ஏழு நாள், ஒரு பெருவிரல்

என் வலது காலின் பெருவிரலுக்கு ஏழு நாள் அவகாசம் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை, வாதாடி வாங்கினேன். டாக்டர் அன்றைக்கே படுக்கையில் சேரச் சொன்னார். மருத்துவமனைப் படுக்கையைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது என்றும், வீட்டில் இருந்தபடியே எல்லா விதிகளையும் கடைப்பிடிக்கக்கூடிய ஆள் நான் என்றும் விளக்கினேன். அந்தப் பெண் டாக்டருக்கு என் மகள் வயது இருக்கும். என் விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டுக் கையுறையை உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"சரி சார். ஒரு வாரம் பாப்போம். சுகர் இறங்கி, சீழ் வத்தி, இந்தக் கறுப்பு மேல ஏறாம நின்னா விரல் தப்பிக்கும். ஏறுச்சுன்னா திருநெல்வேலிக்கு எழுதித் தரேன். எடுத்துருவாங்க."

பிறகு ஒரு நீலப் பேனாவை எடுத்து, விரலின் கறுப்பு முடிந்து சிவப்புத் தொடங்கும் இடத்தில் என் தோல்மேலேயே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குப் பக்கத்தில் தேதி. என் காலின்மேல் இன்னொருவர் தேதி போட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் நானும் ஏழு நாள் நோட்டீஸ்கள் கொடுத்தவன்தான். புறம்போக்கில் வீடு கட்டியவர்களுக்குக் கொடுப்போம். வாங்கியவர்கள் முதல் ஆறு நாளைச் சிபாரிசுக்கு ஆள் பிடிப்பதில் கழிப்பார்கள். ஏழாம் நாள் காலையில்தான் கூரை ஓட்டைப் பிரிக்கத் தொடங்குவார்கள். முட்டாள்கள் என்று நினைத்திருந்தேன். என் ஏழு நாளை நான் கழித்த விதத்தைச் சொன்னால் அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தெரியவில்லை.

முதலில் முள்ளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. கயத்தாறு போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டிருக்கிறேன். மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். தண்ணீர் நிற்கிறதா, வடிந்ததா என்று பார்க்கப் போனேன். நான் பார்ப்பதால் தண்ணீர் வடியப்போவதில்லை. ஆனாலும் போனேன், ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன ஆய்வுப் பணி இருக்கிறது?

கரிசலில் மழை நாளில் செருப்போடு நடக்க முடியாது. நாலு எட்டு வைத்தால் செருப்புக்கு அடியில் மண்ணால் ஆன இன்னொரு செருப்பு ஒட்டிக்கொள்ளும். பத்து எட்டில் அது அம்மிக்கல் கனம் கனக்கும். பதினோராவது எட்டில் வார் அறும். அதனால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வரப்பில் ஏறினேன்.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் வழக்கமாகப் போகும் கிளினிக் சுவரில் அது பெரிய எழுத்தில் தொங்குகிறது. நரம்பு மரத்துப்போகும், புண் வந்தால் தெரியாது, தினமும் உள்ளங்காலைப் பாருங்கள் என்று ஐந்து வரி. அதில் ஒரு எழுத்துப்பிழையும் இருந்தது. அதைத் திருத்தச் சொல்லித் திருத்தவும் வைத்தேன். வாசகத்தைச் சரிபார்த்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் தூரத்திலிருந்தே கத்தினார்.

"அண்ணாச்சி, அங்கன போகாதீங்க. வேலி முள்ள வெட்டிப் போட்டுருக்கு. மண்ணுக்குள்ள மூடிக் கெடக்கு, தெரியாது."

"எனக்குத் தெரியும்ப்பா."

"தெரிஞ்சா சரிதான். நானே செருப்புப் போட்டுத்தான் நிக்கேன்."

அவர் காலில் இருந்தது லாரி டயரில் வெட்டின செருப்பு. மண் ஒட்டினாலும் அறாது. நான் என் முப்பத்தைந்து வருட நிர்வாக அனுபவத்தோடு அவரைக் கடந்து போனேன். தண்ணீர் வடிந்திருந்தது. திரும்பி வந்து வாய்க்கால் தண்ணீரில் காலை அலசிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். எதுவும் உறுத்தவில்லை. உறுத்தாததுதான் நோய் என்று அப்போது தோன்றவில்லை.

நிலத்துக்குப் போய்வந்த நான்காம் நாள் என் மனைவி வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, நீங்க நடந்த எடத்துலல்லாம் என்னமோ பட்டுப் பட்டுக் கெடக்கு. எதையும் மிதிச்சியளா?"

"நான் எதையும் மிதிக்கலை."

"கால நீட்டுங்க."

நீட்டினேன். அவள் குனிந்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாடை அதற்குள் வந்துவிட்டிருந்தது. பெருவிரலுக்கு அடியில் தோல் வெளுத்து ஊறி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அவள் அதைத் தொட்டாள்.

"வலிக்கா?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லை. தொடுகிறாய் என்றால் சொல்லிவிட்டுத் தொடு."

"தொடுதேனா? நகத்த வச்சு அழுத்துதேன்ங்க."

நான் எட்டிப் பார்த்தேன். அவள் விரல்நகம் பாதி என் சதைக்குள் இருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல இருந்தது. அவள் ஊக்கால் கிளறி, அரை விரல் நீளத்துக்கு ஒரு முள்ளை வெளியே இழுத்தாள். அதையும் ஒரு செய்தியாகத்தான் நான் கேட்டுக்கொண்டேன்.

பதினோரு வருடமாக எனக்குச் சர்க்கரை. இதில் ஏழு வருடம் ஒரே டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தேன். போன சித்திரையில் அவர் கிளினிக்கை இந்தப் பெண் டாக்டரிடம் கைமாற்றிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஏழு வருடத்தின் பரிசோதனைச் சீட்டுகளும் என்னிடம் தேதிவாரியாக, பக்க எண் இட்டு, ஒரு கோப்பில் இருக்கின்றன. எல்லாம் அழகான எண்கள். வெறும் வயிற்றில் நூற்றுப்பத்து, நூற்றுப் பதினைந்து. சாப்பிட்ட பிறகு நூற்று நாற்பது. அந்தப் பெரியவர் என் கோப்பை எடுத்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களிடம் காட்டுவார். "சார மாதிரி இருக்கணும்யா. படிச்சவங்க படிச்சவங்கதான்." இரண்டு தடவை என் மாத்திரையைக் குறைத்தார்.

அந்த எண்கள் எப்படி வந்தன என்பதை இப்போது எழுதிவிடலாம். ஓய்வூதியத்தை இதற்காக நிறுத்தமாட்டார்கள்.

ஜமாபந்தி என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை மேலதிகாரி தாலுகாவுக்கு வந்து கிராமப் பதிவேடுகள் எல்லாவற்றையும் தணிக்கை செய்வார். வருடம் முழுக்கத் திறக்காத பதிவேடுகளை அதற்கு முந்தைய மூன்று நாளில் எழுதி முடிப்போம். ஒரே மையில் எழுதினால் சந்தேகம் வரும் என்று இரண்டு பேனா வைத்திருப்போம். அதிகாரி புரட்டிப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், மதியச் சாப்பாடு சாப்பிடுவார், போவார். யாருக்கும் சேதமில்லை.

ரத்தப் பரிசோதனையையும் நான் அப்படியே கையாண்டேன். குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து அரிசி கிடையாது. காலையில் இரண்டு தடவை நடை. இரவுக்கு மோர். பரிசோதனை அன்று முகம் வற்றி, நெற்றியில் வேர்வையோடு போய்க் கையை நீட்டுவேன். ஒரு தடவை திரும்பி வரும் வழியில் கை நடுங்கி, கண் இருட்டி, மளிகைக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரித்து வாயில் திணித்தார். சர்க்கரை எல்லை தாண்டி ஏறுவதுபோல, எல்லை தாண்டி இறங்கவும் செய்யும். இறங்கினால் ஆளை அங்கேயே முடித்துவிடும். இதையும் பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்தப் பாக்கெட்டை முழுக்கச் சாப்பிட்டேன். பரிசோதனைதான் முடிந்துவிட்டதே.

மற்ற நாட்களில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் சொல்கிறேன்: எல்லாம்.

மூன்று மாதச் சராசரி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. அன்றைய சர்க்கரையை அது காட்டாது. கடந்த இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியது என்று காட்டும். பெரியவர் அதை இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார். பரிசோதனைக் கூடத்துப் பெண் ஊசியோடு நின்று கேட்பாள்.

"அண்ணாச்சி, மூணு மாசச் சராசரியும் எழுதிருக்காவ. இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கிடட்டா?"

"அது கட்டாயமில்லைம்மா. விருப்பத்துக்கு உட்பட்டது."

"அப்படியா அண்ணாச்சி? எனக்குத் தெரியாதே."

"தெரிந்துகொள்ள வேண்டும்."

எனக்கு அது என்ன என்று நன்றாகத் தெரியும். மூன்று நாளில் தயார் செய்ய முடியாத பதிவேடு அது. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

ஆக, புதிய டாக்டரின் மேஜைமேல் என் காலும் என் கோப்பும் ஒரே சமயத்தில் வைக்கப்பட்டன. அவர் கோப்பைப் புரட்டினார். பிறகு என் விரல்நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன இயந்திரத்தில் வைத்தார். முந்நூற்று எண்பத்திரண்டு. அவர் மறுபடி கோப்பைப் பார்த்தார்.

"இது ரெண்டும் ஒரே ஆள்தானா சார்?"

"சீழ் இருந்தால் சர்க்கரை ஏறும் என்று படித்திருக்கிறேன்," என்றேன்.

"ஏறும். சரிதான். மூணு மாச சராசரியையும் பாத்துருவோம். அதுக்குச் சீழ் தெரியாது."

மத்தியானத்துக்குள் வந்துவிட்டது: பதினொன்று புள்ளி இரண்டு. ஏழுக்குக் கீழே இருந்தால் நல்ல பிள்ளை என்று அர்த்தம். டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே ஏழு வருடம் காத்திருந்தவள் போல அவள் தொடங்கிவிட்டாள்.

"டெஸ்ட்டுக்கு மூணு நாளைக்கு முன்னால வாயக் கட்டிருவாவ டாக்டர். டெஸ்ட்டு முடிஞ்ச அன்னைக்கே அவுத்து விட்டுருவாவ. நான் சொன்னா, 'உனக்கு நடைமுறை தெரியாது'ம்பாவ. கருப்பட்டிக் காப்பி தெனம் மூணு. கருப்பட்டி ஒண்ணும் செய்யாதுன்னு எங்க அண்ணன் சொல்லுதாவ. அத மட்டும் நம்பிக்கிடுவாவ."

"கருப்பட்டியும் சர்க்கரைதாம்மா. கலர்தான் வேற," என்றார் டாக்டர்.

"இவியகிட்ட சொல்லுங்க."

"அவருக்குத் தெரியும்," என்றார் டாக்டர். அந்த அறையில் என்னைப் பற்றி யாரும் அதைவிட மோசமாக எதுவும் சொல்லிவிட முடியாது.

இன்சுலின் எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் வயிற்றில் ஊசி. வீட்டிலேயே ஒரு நாளைக்கு நாலு தடவை விரலில் குத்தி அளவு பார்க்க இயந்திரம். அளவை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஊசியின் அளவைக் கூட்டுவார். தினமும் காலையில் நர்ஸ் கட்டு மாற்றுவாள். "நோட்டுல இருக்கிறத வச்சுத்தான் சார் நான் மருந்து குடுக்க முடியும்," என்றார். போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் என் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். தீப்பெட்டி ஆபீஸ் என்று இந்தப் பக்கம் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று வைத்திருக்கிறார். உடம்பைப் பற்றிய எல்லா விஷயங்களுக்கும் அவரிடம் ஒரு பொடி இருக்கும். ஒரு பையில் ஆவாரம்பூ, இன்னொரு பையில் நாவல்கொட்டைப் பொடி, இலையில் சுற்றிய ஏதோ ஒரு பச்சிலை விழுது.

"மாப்பிள, ஊசியா போடப் போறீக? அம்புட்டுத்தான். ஊசிக்குப் போனவன் திரும்பி மாத்திரைக்கு வந்ததா சரித்திரமே இல்ல."

"மச்சான், உங்களுக்கு எவ்வளவு சுகர்?"

"எனக்கா? நான் பாக்கிறதே இல்ல. பாத்தாத்தான் வரும்."

"அப்போ இந்தப் பொடி யாருக்கு வேலை செய்தது?"

"ஊர்ல கேட்டுப் பாருங்க. புதியம்புத்தூர்ல ஒரு தையக்காரருக்குக் கால எடுக்கணும்னுட்டாவ. இந்த எலைய வச்சுக் கட்டுனாரு. இன்னைக்கு மிசின் மிதிக்காரு."

"அவர் எந்தக் காலால் மிதிக்கிறார்?"

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்ச திமிரு மாப்பிள இது. நல்லது சொன்னா ஏறாது." பையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் அவர் தங்கை மறித்து நின்று, "அண்ணே, கம்மங்கூழும் சோறுதான், வரகும் சோறுதான், நீங்க ஒரு சட்டி குடிச்சுட்டு சுகர் ஏறாதுன்னு சொல்லிட்டுத் திரியிறீகள்ல, நாளைக்கு வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க," என்றாள். அவர் பச்சிலை விழுதை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

நான் அறிவாளியாக நடந்துகொண்ட கடைசி உரையாடல் அது.

ஏனென்றால் மறுநாள் காலை இயந்திரம் முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது, நான் நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை. மச்சானை வாசலுக்குத் துரத்தியவனுக்குள் மச்சானின் சொல் உட்கார்ந்திருந்தது. முந்நூறு என்றால் ஊசியைக் கூட்டுவார்கள், கூட்டினால் அப்புறம் குறைக்கவே மாட்டார்கள் என்று ஒரு பயம். இன்னொன்றும் இருந்தது. அந்தப் பெண் டாக்டரிடம் ஒரே ஒரு நல்ல சீட்டையாவது காட்டிவிட வேண்டும் என்ற வெறி. முதல் எண்ணைத் திருத்திவிட்டால் அடுத்ததைச் சும்மா விட முடியாது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மதியம் இருநூற்று முப்பது. இரவு நூற்றுத் தொண்ணூற்று எட்டு. சாப்பிட்ட பிறகு கொஞ்சம் ஏறி, மொத்தத்தில் இறங்குவது போல எழுதினேன். ஒரேயடியாக இறங்கினால் சந்தேகம் வரும். அந்த அளவுக்கு எனக்குத் தொழில் தெரியும்.

மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். விரலில் குத்துவது அவள், எழுதுவது நான். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு இயந்திரத்தின் எண் தெரியாது. "எவ்வளவு?" என்று கேட்பாள். நான் சொல்வதை நம்பினாள்.

மூன்றாம் நாள் டாக்டர் நோட்டைப் பார்த்தார். "பரவால்லையே சார். இறங்குதே. இதே அளவு போதும், தொடருங்க." கட்டைப் பிரித்துப் பார்த்தார். கறுப்பு, நீலக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. "சுகர் இறங்குது, ஆனா புண்ணு இன்னும் கேக்கலையே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தச் சமயத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். கூடத்தில் ஆறு பேர் காத்திருந்தார்கள், கதவு திறந்திருந்தது, நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். இதையெல்லாம் காரணமாக வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில், நாளையிலிருந்து உள்ளதை எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் முந்நூற்று இருபத்தாறு வந்தது. நூற்றுத் தொண்ணூற்று எட்டு வரைக்கும் இறக்கி எழுதிவிட்டு இன்றைக்கு முந்நூற்று இருபத்தாறு என்று எழுத முடியுமா? எழுதவில்லை.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். கறுப்பு, கோட்டை ஒரு விரற்கடை தாண்டியிருந்தது. பாதத்தின் மேல் பக்கமும் சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. எனக்கு வலி இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் பார்த்தேன்.

டாக்டர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த சுகருக்கு இப்படி ஆகக் கூடாதே. ரத்தக் குழாய் அடைப்பா இருக்குமோ?" பிறகு என் மனைவியிடம், "அந்த மிசினக் கொண்டுவந்திருக்கீங்களாம்மா? மிசின்ல கோளாறான்னு பாப்போம்," என்றார்.

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் பக்கவாட்டில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். இயந்திரம் அன்று காலை எண்ணைக் காட்டியது. மறுபடி அழுத்தினார். முந்தைய நாள் இரவு. அழுத்தினார். முந்தைய நாள் மதியம். தேதியோடு, நேரத்தோடு ஒவ்வொன்றாக வந்தது.

பதிவேடுகளோடு முப்பத்தைந்து வருடம் இருந்தவன் நான். அந்த இயந்திரம் தனக்கென்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. அதனோடு வந்த சின்னப் புத்தகத்தையும் படித்திருந்தேன். ஆங்கிலப் பகுதியில் எங்கோ இருந்திருக்கும்.

டாக்டர் இயந்திரத்தை ஒரு கையிலும் நோட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"நான் யாருக்கு மருந்து குடுத்துட்டு இருந்தேன் சார்? உங்களுக்கா, இந்த நோட்டுக்கா?"

என் மனைவி நோட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பிறகு டாக்டர் ஒவ்வொரு எண்ணாகப் பொத்தானை அழுத்திக் காட்ட, அதையும் படித்தாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இரண்டையும் சத்தமாகப் படித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்று நாற்பது, இருநூற்று முப்பது. கூடத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"நாந்தான குத்துனேன்," என்றாள் கடைசியில். "ஒரு நாளைக்கு நாலு தடவ உங்க விரல்ல நாந்தான குத்துனேன். அத எதுக்குங்க குத்துனேன்?"

நோட்டை மூடி, இயந்திரத்தோடு சேர்த்துப் பையில் போட்டாள்.

அன்று மதியமே திருநெல்வேலிக்குப் போனோம். மச்சானின் காரில்தான் போனோம். அதையும் எழுத வேண்டியிருக்கிறது. கயத்தாறு தாண்டியதும் அவர், "பச்சிலைய வச்சுருந்தா..." என்று ஆரம்பித்தார். பின் இருக்கையிலிருந்து என் மனைவி, "அண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள். அதன்பிறகு அவர் ரோட்டைத்தான் பார்த்தார்.

அறுவை சிகிச்சைக்குச் சம்மதப் படிவம் கொடுத்தார்கள். முழுவதும் படித்தேன். எந்தக் காலில் எந்த உறுப்பு என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. நிரப்பினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். பெண் நர்ஸ் ஒருத்தி பெருமூச்சு விட்டு, 'வலது கால், பெருவிரல்' என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ ஆயிரம் கோப்பில் போட்ட என் கையெழுத்து, அந்தப் படிவத்தில் மட்டும் கோணலாக விழுந்தது. சாட்சிக் கையெழுத்து என் மனைவி. அவள் கையெழுத்து நேராகத்தான் இருந்தது.

எலும்புவரை போய்விட்டதாகச் சொன்னார்கள். பெருவிரலை எடுத்தார்கள். மற்ற நாலும் தப்பிவிட்டன. அறுவை முடிந்த மூன்றாம் நாள் ஊர் டாக்டர் தொலைபேசியில் விசாரித்தபோது, மனைவிக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டு, நானே கேட்டேன்: நான் உள்ளதை எழுதியிருந்தால் விரல் இருந்திருக்குமா?

"சொல்ல முடியாது சார். இருந்திருக்கலாம். அப்பவும் போயிருக்கலாம். முதல் நாளே நிலைமை மோசமாத்தான் இருந்துச்சு."

எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அதுதான் தாங்க முடியவில்லை. போயிருக்கும் என்றால் விட்டுத் தள்ளலாம். இருந்திருக்கும் என்றால் என்னைத் திட்டிக்கொண்டு கிடக்கலாம். நான் செலவழித்த அந்த ஐந்து நாளில் என்ன இருந்தது என்று இனிமேல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது ஊசி கூட்டிப் போடுகிறார்கள். முதல் வாரம் சர்க்கரை முந்நூறு, அப்புறம் இருநூற்று ஐம்பது, அப்புறம் நூற்று எண்பது. பட்டினி இல்லை, காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறும் நிறையக் காயும், இரவு ஒரு தோசை, நேரத்துக்கு. இது இவ்வளவு சாதாரணமான வேலை என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஊசி போட்டதால் உயிர் போகவில்லை. அளவு இறங்கினால் ஊசியைக் குறைக்கவும் செய்வோம் என்றார்கள். மச்சானின் சரித்திரத்தில் இது எழுதப்படவில்லை போலும்.

புண் ஆறத் தொடங்கியதும் நடக்கப் பழக்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பயிற்சி முடித்து ஒரு வருடம்கூட இருக்காது. பிடித்துக்கொண்டு நடக்க ஒரு இரும்புச் சட்டகத்தை முன்னால் வைத்தாள். காலுக்கு மெத்தென்ற ஒரு செருப்பை மாட்டினாள்.

"வாங்க ஐயா. கட்டில்ல இருந்து சன்னல் வரைக்கும். மெதுவா."

பெருவிரல் என்ன வேலை பார்த்தது என்று எனக்கு அறுபத்தாறு வயதுவரை தெரியாது. முன்னால் நின்று உடம்பைத் தள்ளிவிடுவது அதுதான். அது இல்லாமல் எட்டு வைத்தால் கால் தரையிலேயே நிற்கிறது, உடம்பு மட்டும் போகிறது. இரண்டாவது எட்டில் சட்டகத்தின்மேல் கவிழ்ந்தேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"சூப்பர் ஐயா!"

"இதில் என்னம்மா சூப்பர்?"

"நேத்து ஒரு எட்டுக்கூட வைக்கலல்ல? இன்னைக்கு ரெண்டு. சூப்பர்தான."

இன்னொரு எட்டு வைத்தேன். "சூப்பர்!" இன்னொன்று. "சூப்பர் ஐயா, சூப்பர்!" ஒரு தாலுகாவை நடத்தியவனை ஒரு சின்னப்பெண் நாலு எட்டுக்குக் கைதட்டிப் பாராட்டிக்கொண்டிருந்தாள். நின்றுவிட்டேன். இந்தச் சட்டகத்தின் உயரம் சரியில்லை, இதை மாட்டிய ஆளுக்கு வேலை தெரியாது, தரையை எந்த மடையன் இவ்வளவு வழுவழுப்பாகப் போட்டான், பயிற்சி என்ற பெயரில் என்னைப் பொம்மையாக்கி விளையாடுகிறீர்கள் என்று வரிசையாகச் சொன்னேன். கட்டில் பக்கத்தில் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிரவில்லை. இத்தனை சுளைதான் அனுமதி என்று எண்ணி உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சட்டகத்தை அரை அடி முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"நடந்துக்கிட்டே திட்டுங்க ஐயா. நின்னுக்கிட்டுத் திட்டாதீங்க. புண்ணுல கனம் எறங்குது பாருங்க."

குனிந்து பார்த்தேன். எறங்கத்தான் செய்தது. காலை மாற்றி வைத்து, சன்னல்வரை அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.